அறுபத்து மூன்றாம் நாள்

சுண்ணாம்புக்காரத் தெரு முனையில்
இருபத்திரண்டு அடிச் சுவர்.
சர்வேயர் இரண்டு தரம் டேப் இழுத்துக் காட்டியாயிற்று.
பதினோரு அடி என்னுடையது என்கிறது பத்திரம்.
பதினோரு அடி ஆறு அங்குலம் தன்னுடையது
என்கிறார் முனிரத்தினம்.
அந்த ஆறு அங்குலத்தால்
இரண்டு பொங்கலாக எங்களுக்குள் பேச்சில்லை.

முதலில் வந்தது அம்புக்குறி.
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
நீலத்தில் ஒரு கோடு. நடுவே,
‘முழுச்சுவரும் தேர்தல் வரை.’
யாரைக் கேட்டு என்றேன்.
“இன்னாக்கா, சொவரத் தூக்கிகினா போப்போறோம்?”

அப்புறம் மூலம், பௌத்திரம்.
அப்புறம் காட்பாடி கோச்சிங் சென்டர்,
மார்க்கோடு சிரிக்கும் ஏழு பிள்ளைகள்.
அப்புறம் யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி.
மழையில் கிழிந்து, கண்கள் மட்டும் மிஞ்சி
ஒரு மாதம் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கோச்சிங்காரன் முனிரத்தினத்துக்கு
அறுநூறு கொடுத்தானாம்.
அதில் ஆறு அங்குலத்துக்கு எவ்வளவு என்று
நைட் டூட்டியில் கணக்குப் போட்டேன்.
இருபத்தாறு ரூபாய் வந்தது.

இதற்கிடையில் சாக்கடை மூடி உடைந்திருந்தது.
மூன்று திங்கட்கிழமை, மூன்று மனு, மூன்று ரசீது.
“அது பக்கத்து வார்டு” என்றார்கள்.
பக்கத்து வார்டில்,
“குழிதான் எங்களுது, மூடி அவங்களுது.”
விடியத் தொழுகைக்குப் போன மெஹபூப் பாஷா
இருட்டில் கால் விட்டார்.
கட்டுப் போட்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்
என் யூனிஃபார்மைப் பார்த்துக் கேட்டார்:
“மூடி வந்துச்சாம்மா?”

மறுநாள் சுவரில்
ஏழு பிள்ளைகளின் பற்களுக்கு மேலாகத் தாரில்:
சாக்கடை மூடி எங்கே?
அதன் கீழே, இடது ஓரத்தில், 41.
யார் எழுதியது? தெருவுக்கே தெரியாது,
அல்லது தெருவுக்கே தெரியும்.
அடுத்த நாள் பக்கத்தில் 42.
நாளொன்றுக்கு ஓர் எண்ணாக நகர்ந்து
சரியாக அந்த ஆறு அங்குலத்தில் விழுந்தது 52.
அதன்பின் அவர் பக்கம்.
முனிரத்தினம் வாயே திறக்கவில்லை.

அறுபத்து மூன்றாம் நாள் கவுன்சிலர் வந்தார்.
கவுன்சிலர் என்றால், அந்தம்மாவின் வீட்டுக்காரர்.
அந்தம்மாவை ஃப்ளெக்ஸில் பார்த்திருக்கிறோம்.
குழியைத் தாண்டி வந்து நின்றார்.
“யாரு சொவரு இது?”
“அவருது” என்றேன்.
“அவங்களுது” என்றார் முனிரத்தினம்.
“ஆறு அங்குலம்கூட என்னுது இல்ல” என்றேன்.
“பத்திரத்தையே பாருங்க சார்” என்றார் அவர்.
இருபத்திரண்டு அடிக்கும் ஆளில்லை.

மதியத்துக்குள் இரண்டு பேர், இரண்டு வாளி சுண்ணாம்பு.
மனு இல்லை, ரசீது இல்லை, வார்டு தகராறு இல்லை.
மூலமும் பௌத்திரமும் அப்படியே இருக்க
தாரின் மேல் மட்டும் வெள்ளை.
அடித்த பையன்
குழிக்கு இந்தப் பக்கம் ஒரு கால்
அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துத்தான் அடித்தான்.

தண்ணிச் சுண்ணாம்பு.
காய்ந்தால் மறைக்கும்,
நனைந்தால் காட்டிக் கொடுக்கும்.
அன்று ராத்திரி மழையில் பார்த்தேன்.

இப்போதெல்லாம் டூட்டி முடிந்து வந்ததும்
வாசல் தெளித்த மிச்சத் தண்ணீரைச்
சுவரில் வீசுகிறேன்.
சாக்கடை மூடி வருகிறது. 41 வருகிறது.
ஸ்கூல் வேன் போகும் வரை நிற்கிறது.
வேலூர் வெயில் எட்டு மணிக்கு மேல்
எதையும் விட்டு வைப்பதில்லை.

நேற்று என் வாளி 51ஓடு தீர்ந்துவிட்டது.
அந்தப் பக்கம் தாழ்ப்பாள் சத்தம்.
லுங்கியை மடித்துக் கட்டி, குடத்தோடு முனிரத்தினம்.
என்னைப் பார்க்கவில்லை.
52இலிருந்து தொடங்கினார்.

விட்டுவிட்டேன்.