மோதிர விரல்

லெர்விக் மருத்துவர் என் வலக்கையைத்
திருப்பிப் பார்த்துச் சிரித்தார்:
"வைக்கிங் நோய் என்பார்கள் இதை."
மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கி
மூன்று வருடம்.
சிப்பிக் கயிறு இழுக்கப் போனால்
கையுறை நுழையாது.

கப்பலேறி வந்தவர்கள்
வாளை வைத்துப் போயிருக்கலாம்.
வெள்ளியை வைத்துப் போயிருக்கலாம்.
எனக்கு வைத்தது
நிமிராத ஒரு விரல்.

என் கணவன் மாக்னி
எச்சிலை அஞ்சலில் அனுப்பி
பதினெட்டு சதவீதம் என்று எழுதி வாங்கியிருக்கிறான்.
ஜனவரித் தீத்திருவிழாவில்
தலைக்கவசம் மாட்டி, தாடியைச் சீவி
தெருவை அடைத்து நடக்கிறான்.
மறுநாள் கழற்றி வைத்துவிடுவான்.
எனக்குக் கழற்ற வராது.

ஆகஸ்டில் பெர்கனிலிருந்து ஒரு மரப்படகு
புயலுக்கு ஒதுங்கியது.
இழுத்துக் கரையேற்றினோம்.
படகு உறங்கும் அந்தக் கரைக்குழியை
நான் நூஸ்ட் என்றேன்.
படகுக்காரன் நௌஸ்ட் என்று திருத்தினான்.
நான் திருத்திக்கொள்ளவில்லை.

விடைபெறக் கை நீட்டினான்.
அதே விரல்.
அதே மடிப்பு.
குலுக்க வரவில்லை;
கொக்கியும் கொக்கியுமாய் மாட்டிக்கொண்டு
மழையில் நின்றோம்,
யார் முதலில் விடுவது என்று தெரியாமல்.

மாக்னி படம் எடுக்கிறேன் என்று
பை பையாய்த் துழாவிக்கொண்டிருந்தான்
கைப்பேசியை.