இருப்புப் பதிவேடு

புழு – ஐந்து கிலோ.
பதிவேட்டில் முதல் வரி இதுதான், என் கையெழுத்து.
எண்ணிக்கை எத்தனை என்று கேட்டார்
தணிக்கைக்கு வந்தவர்.
நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் சார் என்று
ஈரச் சாக்கைத் தூக்கிக் காட்டினேன்.
வெளிச்சம் பட்டதும் அத்தனையும்
உள்ளே போய்விட்டன.
கிலோவாகவே இருக்கட்டும் என்றார்.

தோவாளையில் விற்காத பூ
எட்டு மணிக்குக் குட்டியானையில் இங்கே வரும்.
பிச்சி, கொழுந்து, அரளி, கோழிக்கொண்டை,
தாமரை இதழ் மட்டும் தனியே ஒரு சாக்கு.
விடியலில் விலை பேசிய பூ
மத்தியானம் நாறும்.
ரெத்தினபாய் மூக்கில் துணி கட்டுவாள்.
நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.

நாரை விடு, அது மட்கும்.
நைலானை உருவு. ஜிகினாவை உருவு.
குண்டூசியை விரல்தான் கண்டுபிடிக்கும்.
சாணிக்கரைசல் தெளித்து
பதினைந்து நாள் ஆறப்போடு.
குவியலுக்குள் கை விட்டால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுடும்.
அது இறங்கினால்தான் தொட்டி.

ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று
கொட்டகைத் தகரத்தைப் பிய்க்கப் பார்க்கும்.
அடிவாரத்துக் காற்றாடிகள்
யாருக்கோ கரண்டு அரைக்கும்.
நாங்கள் சாக்கு நனைப்போம்.
காயும்.
நனைப்போம்.
பக்கத்துத் தென்னையிலிருந்து ஒரு செம்போத்து
எங்களை மேற்பார்வை பார்க்கும்.

ஓணத்துக்கு மறுநாள் மூன்று லோடு.
கேரளத்துக்குப் போகாமல்
மழையில் தேங்கிய செவ்வந்தி.
ஆறப்போட இடமில்லை.
போடுங்க, புழுதானே, தின்னும் என்றார்
மேஸ்திரி சுயம்புலிங்கம்.
போட்டோம்.

விடிந்து வந்து பார்த்தால்
தொட்டிச் சுவரெல்லாம் புழு.
விளிம்பு தாண்டி, சிமெண்டில், நடைவழியில்,
என் செருப்புக்கடியில்.
வெளிச்சத்துக்கு ஒளிகிற ஜீவன்
வெயிலைப் பார்த்து ஓடி வந்திருக்கிறது என்றால்
உள்ளே என்ன இருந்திருக்கும்.
செவ்வந்தியை முகர்ந்தேன்.
பூவாசம் இல்லை,
பூச்சிமருந்துக் கடையின் வாசம்.

சவத்துக்க செவ்வந்தி என்று
ரெத்தினபாய் வாளி எடுத்து வந்தாள்.
முதலில் பொறுக்கினோம்.
பிறகு வாரினோம்.
செம்போத்துகூட இறங்கவில்லை.

உழவனின் நண்பன் என்று
ஆறாம் வகுப்பில் ஒரு மார்க்குக்கு எழுதியவள் நான்.
நண்பனுக்கு இலை போட்ட லட்சணம்.

பதிவேட்டில் எப்படிக் கழிப்பது?
சேதாரம் என்று ஒரு கலம் உண்டு,
துடைப்பத்துக்கும் மண்வெட்டிக்கும்.
இறந்தது என்று எழுதக் கலம் இல்லை.
நான்கு நாள்
பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

ஐந்தாம் நாள், பழைய தொட்டியில்
வடிகுழாய் மூலையில், கறுத்த எருவுக்குள்,
எலுமிச்சம்பழத்தைக் கடுகளவு சுருக்கியது போல
ஒன்று.
நகத்தால் தள்ளினால் இன்னொன்று.
கிளறக் கிளற.

ஐந்து கிலோ என்றே விட்டுவிட்டேன்.
பொய்தான்.
தை மாதம் உண்மையாகிவிட்டது.

நேற்று சலித்தோம்.
தேயிலைத்தூள் போல உதிர்ந்துகொண்டே இருந்தது.
சல்லடையில் தங்கியது
எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு நைலான் நூல்,
ஒன்றரை முழம் இருக்கும்.
பூவெல்லாம் போய்
முடிச்சுகள் மட்டும், வரிசை பிசகாமல்,
இறுக்கம் தளராமல்,
ஒவ்வொன்றின் நடுவிலும்
ஒரு காம்பு இருந்த இடம்.

ராத்திரியில் நானும் பூக் கட்டுகிறேன்,
கிலோவுக்கு இவ்வளவு என்று.
இடக்கைக்காரி.
என் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பும்.

நூலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினேன்.
என்னட்டீ பாக்க என்றாள் ரெத்தினபாய்.
ஒண்ணுமில்ல என்று
பதிவேட்டுக்குள் வைத்து மூடினேன்.