பல் மேல் பல்

வாயைப் பெரிதாகத் திற என்றார் பல் மருத்துவர்,
ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில், கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியில்.
விளக்கைத் தாழ்த்தி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு,
பத்தொன்பது வயதுதானே உனக்கு?
கடைவாய்ப் பல் நாலும் தேய்ந்துபோய்க் கிடக்கு.
இரவில் அரைக்கிறாய்.

எதை என்று அவர் கேட்கவில்லை.
வாய் நிறையப் பஞ்சு,
நானும் சொல்லவில்லை.

செவ்வாய், வியாழன் காலை ஐந்துக்குக் கோப்பிக் கடை ஜன்னல்.
மைனஸ் இருபதிலும்
காருக்குள் இருக்கும் ஒவ்வொரு முகத்துக்கும்
பல்லைக் காட்டவேண்டும்.
ஒன்பதரைக்கு உயிர்வேதியியல்.
பேருந்தில் நின்றபடி படித்து எழுதியதற்கு
நாற்பத்தொரு புள்ளி. வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.
கைபேசியில் என்னோடு படித்த எல்லோரும்
எந்நேரமும் ஏதோவொரு கடற்கரையில் நிற்கிறார்கள்.
அம்மா, இரண்டு வேலைக்கு நடுவில்
சப்பாத்தைக் கழற்றாமலே சொல்வா:
பல்லைக் கடிச்சுக்கொண்டு இன்னும் ரெண்டு வருசம், பிள்ளை.

நான் சொல் கேட்கிற பிள்ளை.
நித்திரையிலும் கேட்டிருக்கிறேன்.

பல்லுக்கு இரவு உறை நானூறு டாலர்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
பணம் வாங்கும் மேசையில் மரித்தெஸ் என்று பெயர் குத்திய பெண்
என் கோட்டை எடுத்துத் தந்தபடி சொன்னாள்:
உதடு சேரட்டும், பல் சேரவேண்டாம்.
அவ்வளவுதான். இதற்குக் காசில்லை.

பேருந்தில் இறங்குமணி அடிக்கும்போதெல்லாம்
தாடையைத் தொட்டுப் பார்த்தேன்.
லோரன்சில் ஏறி எக்ளின்டனில் இறங்குமுன் ஏழு மணி.
ஏழிலும் இறுக்கித்தான் வைத்திருந்தேன்.

அன்றிரவு நிலக்கீழ் அறையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து
தம்பி ஆரணனின் குரல்:
அக்கா, நித்திரையோ?
இல்லை.
சத்தத்தைக் காணேல்லை. அதான் பயந்துபோனன்.

இத்தனை இரவும் அவனும் விழித்துத்தான் கிடந்திருக்கிறான்.
அது உறைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
கூரைக் குழாயில் யாரோ திறந்த தண்ணீர் ஓடி முடிந்தது.
நான் சொன்னேன்: முடியேல்லை, ஆரணன்.

சொல்லிப் பாருங்கள் அந்தச் சொல்லை.
உதடு ஒருமுறை ஒட்டி விலகும்.
நாக்கு மடியும், நீளும்.
பல் மேல் பல் எங்கேயும் படாது.

எனக்கும், என்றான் அவன்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டாம் வகுப்பில் அவனுக்கு என்ன நடக்கிறது என்று
நான் கேட்டதே இல்லை.
கேட்டேன்.
ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின்னாகச் சொன்னான்.

நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருக்கிறது.
வியாழக்கிழமை வேலையை விடலாமா என்று
மேலாளருக்கு எழுதி, அழித்து,
மறுபடி எழுதி அனுப்பினேன்.
பதில் இன்னும் இல்லை.

இரண்டரை மணிக்குப் பாண் சுட்டான் தம்பி.
கருகிப்போன ஓரங்களை வெட்டித்
தன் தட்டில் போட்டுக்கொண்டு
நடுத்துண்டை என் பக்கம் தள்ளினான்.
மெதுவாச் சாப்பிடு, என்றான்.