செலவிடப்படாமைக்கான காரணம்

படிவத்தின் ஒன்பதாவது கட்டம் அது.
ஒதுக்கீடு அறுபதாயிரம் என்று அவர்களே நிரப்பியிருக்கிறார்கள்.
வரவு: பூஜ்யம் என்று அடித்தேன்.
செலவு: பூஜ்யம்.
திரை சிவந்தது.
செலவிடப்படாத தொகை ரூபாய் அறுபதாயிரம்.
காரணம் கட்டாயம்.

ஐந்து மணிக்குள் ஏற்றச் சொல்லி
வட்டார வள மையத்திலிருந்து மூன்று போன்.
மூன்றாவதில் பேசிய பெண்ணுக்கும்
சம்பளம் வந்து நாளாகிறதாம்.
"நானும் அதே தலைப்புலதான் டீச்சர்" என்றாள்.

களியலுக்கு மேலே மழை.
ரப்பர் மரங்களுக்கெல்லாம்
பிளாஸ்டிக் பாவாடை கட்டியாயிற்று,
மழையிலும் வெட்டு நிற்கக் கூடாதென்று.
மூன்றாம் வகுப்பு ஓட்டுக்குக் கீழே
சத்துணவு அண்டாவை வைத்திருக்கிறோம்.

டெல்லி சொல்கிறது: கையெழுத்துப் போடு, தருகிறேன்.
சென்னை சொல்கிறது: போட மாட்டேன்,
அது என் வரிப் பங்கு, எடு.
இரண்டையும் படித்துப் பார்த்தேன்.
சென்னை சொல்வதில் நியாயம் தெரிகிறது எனக்கு.
தெரிந்து என்ன,
நியாயத்தை ஊற்றினால் ஜீப் ஓடுமா?

ஞானசிகாமணியின் ஜீப்.
அணைக்கு அப்பால் காணிக் குடியிருப்பிலிருந்து
பதினொரு பிள்ளைகளை
இறக்கிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டு போகும்.
ஐந்து மாதப் பாக்கி.
"பம்புல இனி கடம் கிட்டாது டீச்சரே,
பைசா எப்பம் கிட்டும்?"
சாயங்காலம் என்று சொல்வதைப் போல
அடுத்த மாதம் என்கிறேன்.

வியாழக்கிழமைகளில் ஷெர்லின் வருவாள்,
தசைப் பயிற்சிக்கு.
மூன்று மாதம் சம்பளம் இல்லாமலும் வந்தாள்,
மார்த்தாண்டத்தில் பஸ் மாறி,
டிக்கெட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு.
போன இரண்டு வியாழன் வரவில்லை.
அஜிஷாவுக்கு நாள் எப்படித் தெரிகிறதோ,
காலையிலேயே பாயில் வலது காலை
நீட்டி வைத்திருந்தாள்.
நான் பிடித்து மடக்கிப் பார்த்தேன்.
எவ்வளவு மடக்கலாம் என்று எனக்குத் தெரியாது.
விட்டுவிட்டேன்.

மூன்றாவது மொழியில்தான் சண்டை மூண்டது என்கிறார்கள்.
என் நாலாம் வகுப்பு
சந்தையில் மலையாளம் பேசும், கணக்கில் தமிழ்,
மலை ஏறியதும் காணிப் பேச்சு.
யாரும் நிதி ஒதுக்கிக் கற்றதில்லை.
அஜிஷாவுக்கு ஒன்றுமே வாயில் வராது.
கண்ணை மேலே தூக்கினால் ஆமாம்.
இறுக மூடினால் வேண்டாம்.
ஷெர்லின் அதைக் கண்டுபிடிக்க
ஒரு வருடம் ஆனது.

திங்களன்று மாத்தன் காணி
ஒரு சாக்கு ஒட்டுபாலோடு வந்து நின்றார்.
"இத வித்து டீசல் அடியுங்கோ."
பதினாலு கிலோ.
நாற்றம் அறையில் இரண்டு நாள் நின்றது,
வருகைப் பதிவேட்டில்கூட.
ரசீது போடலாம் என்று எடுத்தால்
எந்தத் தலைப்பு?
நன்கொடையா, மத்தியப் பங்கா, மாநிலப் பங்கா?
போடவில்லை. தணிக்கையில் கேட்பார்கள்.
ஜீப் எட்டு நாள் ஓடியது.

நாலரைக்குக் காரணத்தை எழுதினேன்.
தமிழில், நூறு எழுத்துக்குள்.
ஷெர்லினையும் சாக்கையும்
எப்படியோ நுழைத்துவிட்டேன்.
அந்தப் பெட்டிக்குத் தமிழ் பிடிபடவில்லை.
ஒவ்வொரு எழுத்தும்
ஒரு வெற்றுக் கட்டமாய் விழுந்தது,
வரிசையாக,
பூட்டிய அறைகள் மாதிரி.
திருத்த நேரமில்லை. அனுப்பினேன்.
வெற்றிகரமாகப் பெறப்பட்டது,
பச்சை எழுத்தில்.

வெளியே ஹார்ன்.
மழைக்குள் பைகளைத் தலையில் கவிழ்த்து ஓடினார்கள்.
பதினொன்றில் ஒன்பதுதான் எண்ணினேன்.
மற்ற இரண்டு யாரென்று பார்க்க
எழுந்தேன்.