மடி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சங்கக் கட்டடம்.
மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறது.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
இந்தப் பக்கம் பாசிலியோ பெனேகாஸ்,
சட்டையில் இரண்டு பதக்கம்.
ஒன்று மாநில அரசு கொடுத்தது.
மற்றது புவெனோஸ் அயர்ஸில்
கடையிலேயே கிடைக்கும்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவன் நன்றாகப் பேசுவான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
பள்ளிக்கூடத்தில் அவன் பேசினால்
டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.
அவனுடைய போரில் எல்லாம் வரிசையாக நடக்கும்:
வெளிச்சக் குண்டு, பிறகு பீரங்கி, பிறகு கொடி.
எனக்கு அப்படி ஒரு வரிசை வாய்க்கவில்லை.
என்னிடம் இருப்பது
காயவே காயாத ஒரு ஜோடிக் காலுறை.
பட்டாணி டப்பாவைத் திறக்கக் கத்தியில்லாமல்
பாறையில் மோதிய சத்தம்.
ஆட்டைத் திருடித் தின்றதற்காக
எங்கள் லெப்டினன்ட்டே என்னை
நாலு முளையடித்து
ஈரத்தரையில் கட்டிப்போட்ட ஒரு மத்தியானம்.
இதையும் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.
அடுத்த வருஷத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

கொரியென்தெஸ் பையன்கள் நாங்கள், வெயிலில் விளைந்தவர்கள்.
பனியைக் காலண்டரில்தான் பார்த்திருந்தோம்.
அவன் மல்வினாஸுக்கு வரவே இல்லை.
கொமொதோரோவில், கடலுக்கு இந்தக் கரையில்,
போர்வைக் கட்டுகளை எண்ணி விமானத்தில் ஏற்றினான்.
அந்தப் போர்வைகள் எங்களுக்கு வந்து சேராதது
தனிக் கதை.

பதக்கம் போகட்டும்.
பென்ஷனும் அரசாங்கத்துக் காசு, என் அப்பன் காசில்லை.
ஆனால் எவரிஸ்தோவைப் பற்றியும் ஒரு கதை வைத்திருக்கிறான்.
"என் மடியிலதான் உயிர் போச்சு.
கடைசியா தங்கச்சி பேரைச் சொன்னான்."

தங்கச்சி தெல்மிரா.
ஆற்றங்கரைச் சாலையில் முடிவெட்டும் கடை.
ஏப்ரல் இரண்டாம் தேதி காலையில்
துணியில் பொதிந்த சூட்டோடு
சிப்பா ரொட்டி அவன் வீட்டுக்குப் போகும்.
இருபத்தொரு ஏப்ரலாக.
அவன் சாப்பிடுவதைப் பார்க்காமல்
அவன் மடியையே பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

எனக்கும் அவள்தான் வெட்டுகிறாள்.
"நீங்க அவனைப் பாத்தீங்களா, அங்க?"
ஒரே ஒருமுறை கேட்டாள், கண்ணாடியைப் பார்த்து.
"நான் வேற பள்ளத்துல இருந்தேன்."
கத்தரி நின்றது. பிறகு ஓடியது.

வேறு பள்ளமெல்லாம் இல்லை.
ஒரே பள்ளம், ரெண்டு பேர், முட்டிவரை தண்ணீர்.
அவனுக்குத் தொடையில் பட்டது.
பெல்ட்டைக் கழற்றிக் கட்டு என்றான்.
கழற்றினேன்.
கட்டவில்லை.
கையில் பெல்ட்டோடு ஓடினேன்.
பின்னாலிருந்து அவன் கூப்பிட்டது தங்கச்சியை இல்லை.
என்னை. முழுப்பெயர் சொல்லி,
வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி.

சதுக்கத்துக் கல்லில் பொறித்திருக்கிறது,
போரில் மடிந்தவர்கள் என்று.
மடிந்தான், சரி.
மடி ஏது?

"இவர் அங்கே இருந்தாரா?"
"இல்லை."
"எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"
மின்விசிறி ஒரு சுற்று முடித்தது.
"அங்கே யாருமே இல்லை" என்றேன்.
"நானும் இல்லை."
எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
இதை எழுதிக்கொள்ளவா என்று தலைவரைப் பார்த்தார்.

பாசிலியோ என்னைப் பார்த்தான்.
கோபம் இல்லை.
இருபத்தொரு வருஷமாக
யாருடைய சாமானைத் தூக்கிச் சுமந்தோம் என்று
இப்போதுதான் தெரிந்த ஆள் மாதிரி.
கடைப் பதக்கத்தை முதலில் கழற்றினான்.
ஊக்கு சட்டையில் சிக்கியது.
அதை எடுக்க நான் உதவினேன்.

தீர்மானத்தை நாலாக மடித்து உறையில் போட்டார்கள்.
தெல்மிராவுக்கு யார் சொல்வது என்று
மூன்று பேரும் கேட்கவில்லை.

பெல்ட் அலமாரியில் இருக்கிறது.
இப்போது என் இடுப்புக்கு எட்டாது.
முடி காதை மூடிவிட்டது.
ஊரில் இன்னொரு கடையும் இருக்கிறது,
சந்தைக்குப் பக்கத்தில்.
இன்று சனிக்கிழமை.
அவள் ஏழு மணிவரை திறந்துவைத்திருப்பாள்.