பூச்சியம்

கொட்டகலையில், ரயில் பாதைக்குக் கீழே,
மூன்று தரம் தகரம் மாற்றிய கூரையில்
எங்கள் பட்டறை.
ஃபாக்டரி ஏலத்தில் இரும்பு விலைக்கு எடுத்த லேத்து.
இறக்கும்போது எட்டுப் பேர், ஒரு சங்கிலிக் கப்பி,
நிறையத் தூஷணம்.
முன்தட்டில் ஹாலிஃபேக்ஸ் என்ற ஊர்ப் பெயரில்
முன்பாதி அழிந்திருந்தது.
அதனால் அதற்கு ஃபேக்ஸ் என்றே பெயர்.

பதினொரு வருஷம் கையால் ஓட்டினேன்.
இந்த வருஷம்
கைப்பிடிகளை நான்தான் கழற்றினேன்.
அந்த இடத்தில் இரண்டு மோட்டார்,
பஞ்சிகாவத்தையில் பேரம் பேசியவை,
ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்,
ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.
வயரெல்லாம் நிஸ்ஸங்க பொறுப்பு.
இரும்பு என் பொறுப்பு.
திட்டுவதை இரண்டு மொழியிலும்
பங்கிட்டுக்கொண்டோம்.

மலையில் ஈரம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்
நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டோம்,
கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல.
எறும்புகள்தான் முதலில் குடிவந்தன.

பிறகு தளர்வு.
திருகை ஒரு பக்கம் சுற்றி
மறுபக்கம் திருப்பினால்
கொஞ்சத்துக்குச் சும்மா சுற்றும்,
ஒன்றும் நகராது.
மரை தேய்ந்த இடைவெளி.
எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.
கூடுதலாகப் பின்னால் போய்
திரும்பி வருவேன்,
கல்லிருக்கும் சோற்றை மெல்வதுபோல,
யோசிக்காமல்.
கம்ப்யூட்டர் எவ்வளவு என்று கேட்டது.
கேஜ் வைத்து அளந்தோம்:
0.38.
என் மணிக்கட்டின் பதினொரு வருஷம்
புள்ளியோடு சேர்த்து நான்கு எழுத்து.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

படுக்கையிலும் ஒரு பள்ளம்.
சக்குக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு.
கண்ணுக்குத் தெரியாது, கேஜ் முள்ளுக்குத் தெரியும்.
எனக்கு முன்னால் யாரோ
கொழுந்து உருட்டும் மேசைக்கு
ஒரே அளவு முளையை
வருஷக்கணக்காகக் கடைந்திருக்கிறார்.
பெயர் தெரியாது.
எங்கே நின்றார் என்று மட்டும் தெரியும்.
பத்து மில்லிமீட்டருக்கு ஒரு தரம் அளந்து
நிஸ்ஸங்க அட்டவணை எழுதினான்.
இனி அந்த இடம் வரும்போதெல்லாம்
கத்தி அவருக்காகக் கொஞ்சம் விலகும்.

சனிக்கிழமை காற்றை வெட்டிப் பார்த்தோம்.
எல்லாம் நடந்தது, ஊமைக்கூத்துப் போல.
பிறகு பித்தளை.
பித்தளை சுருளாது, பொடியாய்த் தெறிக்கும்.
கழுத்துக்குள் விழுந்து குத்தும்.
பாதியில் கரண்ட் போனது.

வந்தபோது திரையில்
பூச்சியம், பூச்சியம்.
விழித்த இடத்தையே
உலகத்தின் தொடக்கம் என்று நம்பியது.
கத்தி பித்தளைக்குள் இறங்கி நிற்பது
அதற்குத் தெரியாது.

"வீட்டுக்கு அனுப்பு மலர்" என்றான்.
எனக்குப் புரியவில்லை.
ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஒரு குட்டி சுவிட்ச்.
அங்கே போய்த் தொட்டால்தான்
மற்றதெல்லாம் எங்கே என்று தெரியுமாம்.
அதற்குப் பெயர் வீடு.
இரண்டு ஸ்க்ரூ.

எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை.
கடிதம் வந்தால் தோட்ட ஆபீசில் கிடக்கும்,
கிளாக்கர் லீவென்றால் திங்கட்கிழமை வரை.
இதை அவனிடம் சொல்லவில்லை.
ஒரு ஸ்க்ரூ லேசாக ஆடியது.
இறுக்கினேன்.

கத்தியை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.
பிடிக்கக் கைப்பிடி இல்லை.
மோட்டாரை அணைத்துவிட்டு
தண்டை விரல்களால் பற்றிச் சுற்றினேன்.
விரல்கள் கூடுதலாகப் பின்னால் போய்
திரும்பி வந்தன.
நிஸ்ஸங்க பார்த்தான். சிரிக்கவில்லை.

முதல் புஷ் நூறில் இரண்டு பெரிசு.
ஃபாக்டரி வாங்கிக்கொள்ளும்.
இரண்டாவதைப் பூட்டி, பொத்தானை அமத்தி,
தேத்தண்ணி வைக்கப் போனேன்,
ஓடும் லேத்துக்கு
முதன்முதலாக முதுகைக் காட்டிக்கொண்டு.
கேத்தல் கொதித்தது.
நான் சத்தம் மாறுகிறதா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.