ஸ்கோர் எழுதியவன்

வைகை வற்றினால்தான் அவர்களுக்கு சீசன்.
ஆரப்பாளையத்துக்குக் கீழே, மணலில்,
மூன்று சேரி டீம்கள், ஒரே பந்து.
மணலில் பந்து எழும்பாது.
அதனால்தான் இருளாண்டி
கட்டைவிரலைக் குறிவைத்தே போடப் பழகினான்.

எங்கள் கிளப்புக்குப் பாய் விரித்த பிட்ச்,
கூடாரம், எலுமிச்சை ஜூஸ்,
ஸ்கோர் புத்தகத்தோடு நான்.
ஐம்பத்தாறில் ரயில்வேக்காரர்களிடம்
நான்கு மேட்ச் வரிசையாகத் தோற்றபின்
செயலாளர் ஆற்றுக்கு ஆள் அனுப்பினார்.

வந்தான். ஊருக்கொரு பேர்:
திருமங்கலத்தில் ராஜு, திண்டுக்கல்லில் ஐ. ராஜன்,
விருதுநகரில் பேரே இல்லை,
'பௌலர்' என்று எழுதினேன்.
அவன் தொட்ட பந்தை
மற்ற பத்துப் பேரும் எச்சில் தொட்டுத் துடைத்துப்
பளபளப்பாக்கிக் கொடுத்தார்கள்.
ஜூஸ் மட்டும்
வேலிக்கு அந்தப் பக்கம், தகரக் குவளையில்.

மானாமதுரையில் ஏழு விக்கெட்.
பேப்பருக்குப் போன பட்டியலில்
ஏழும் செயலாளர் மகன் பேரில்.
என் கையெழுத்துதான். அழிக்க முடியாத பென்சில்.

அடுத்த வருஷம் கூப்பிடவில்லை.
அதுதான் மகன் இருக்கிறானே,
ஏழு விக்கெட் எடுத்தவன்.

முப்பது வருஷம் கழித்து
பெரியார் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.
பேரைப் பற்றிக் கேட்பான் என்று
நாக்குக்கடியில் ஒரு பதிலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மானாமதுரையில எட்டாவதும் எடுத்தேன் சார்.
அம்பயர் கைய நீட்டுனான், நீங்களும் நோ-பால்னு எழுதிட்டீங்க.
பின்னங்கால் கோட்டுக்குப் பின்னாலதான் இருந்துச்சு."

உசிலம்பட்டி வண்டி கிளம்பும்வரை
செருப்பு நுனியால் தரையில் கோடு கிழித்து
காலை வைத்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.